சும்மா என்றொரு வகை

சங்கரபாண்டியனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது. அதை வாயால் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இவன் கம்பைலரை வைத்துச் செய்தான், மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

பெங்களூரில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, கொரோனா சமயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. திருவேங்கடம் சாலைப் பக்கம் வீடு. மாடி அறையில் மேஜை, இரண்டு திரை, ஒரு ஃபேன். பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். "என்ன வேலை பாக்கீரு?" என்று யாராவது கேட்டால் ஆரம்பத்தில் விளக்கிச் சொல்லிப் பார்த்தான். "கம்பைலர் எழுதுதேன்." "அப்படின்னா?" "நாம எழுதுத ப்ரோக்ராம்ல தப்பு இருக்கான்னு பாத்து, கம்ப்யூட்டருக்குப் புரியுத மாதிரி மாத்திக் குடுக்கும்." கேட்டவர் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "அப்ப பிரிண்டர் ரிப்பேர் பாப்பீரோ?" என்பார். கடைசியில் அவன் பிரிண்டரும் பார்க்க ஆரம்பித்தான்.

அவன் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியில் மொத்தமே ஐந்து பேர். தமிழில் ப்ரோக்ராம் எழுதப் பழகுகிறவர்களுக்காக அவர்கள் உண்டாக்கிய மொழியின் பெயர் 'வரப்பு'. எண் ஒரு வகை, எழுத்து ஒரு வகை. வகைக்கு ஒரு வயல், ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் பாயக்கூடாது என்பதால் அந்தப் பெயர். இசக்கிசெல்வி, அவன் மனைவி, அந்தப் பெயரை ஒருதரம் காதில் வாங்கி, புருஷன் ஏதோ விவசாயக் கம்பெனியில் இருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டாள். அவனும் திருத்தவில்லை. வீட்டில் வேலையைப் பற்றிப் பேசினால் யார் கேட்கப் போகிறார்கள்?

இரண்டு வயலும் கலந்துவிடாமல் காவல் காப்பது சங்கரபாண்டியன் எழுதிய பகுதி. எண்ணோடு எழுத்தைக் கூட்டினால் அது சத்தம் போடும், தப்பு எந்த வரியில் என்று தமிழில் சொல்லும். சொல்வதில் குறையே வைக்காது, அதுதான் தொல்லையாகவும் போயிற்று.

மாசி மாதம் 'வரப்பு' உபயோகிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு டீச்சர் எழுதினாள். பெயர் நிர்மலாதேவி. "ஒரு பிள்ளை 'எண்' என்று போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி 'ண்' போடாமல் 'என்' என்று போட்டுவிட்டாள். அதற்கு உங்கள் கம்பைலர் நாற்பத்தோரு பிழை காட்டுகிறது. தப்பு ஒன்று, திட்டு நாற்பத்தொன்று. பிள்ளை அழுதுவிட்டாள். ஏதாவது செய்யுங்கள்."

சங்கரபாண்டியன் பார்த்தான், அவள் சொன்னது உண்மைதான். 'என்' என்ற வகை எது என்று கம்பைலருக்குத் தெரியவில்லை. அது நியாயமான பிழை. ஆனால் அந்தப் பெயரைத் தொட்ட மற்ற நாற்பது வரிகளும் வரிசையாகப் புகார் சொல்லின. ராஜபாளையம் ரோட்டில் ஒரு பஸ் பிரேக் டவுன் ஆனால் பின்னால் நிற்கிற நாற்பது வண்டியும் ஹாரன் அடிக்குமே, அதே கதை. ரிப்பேர் என்னவோ முன்னால் நிற்கிற பஸ்ஸில் மட்டும்தான்.

அவன் நல்ல வேலைக்காரன், அதில் சந்தேகம் வேண்டாம். ஒரு வாரம் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தான். வகை தெரியாத ஒன்று வந்தால் அதைப் பற்றி ஒரே ஒரு முறை புகார் சொல்ல வேண்டியது. பிறகு அதன்மேல் ஒரு ரகசிய வகையின் பெயரை ஒட்டிவிட வேண்டியது. அந்தப் பெயர் ஒட்டியதை எது தொட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது, தொட்டதுக்கும் அதே பெயரை ஒட்டிவிட்டு மேலே போகும். ரகசிய வகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அரை நிமிஷம் யோசித்தான். வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்றுதானே சொல்கிறோம்? 'சும்மா' என்று வைத்தான். தனக்குத்தானே சிரித்தும் கொண்டான்.

நாற்பத்தொன்று ஒன்றாயிற்று. குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. நிர்மலாதேவியும் "பிள்ளைகள் சார்பில் நன்றி" என்று எழுதினாள். கம்பெனி நம்பரிலிருந்து 'தயாரிப்புக் குழு' என்ற பெயரில்தான் அவன் எழுதுவான், ஆகையால் நன்றி யாருக்குப் போனது என்று அவளுக்குத் தெரியாது. அவளும் சங்கரன்கோவில்காரிதான் என்று அவனுக்கும் தெரியாது.

ஆனி மாதம் அவளிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. இந்த முறை அழுதது பிள்ளை இல்லை.

நிர்மலாதேவி பாடம் நடத்திய பயிற்சி மையத்தில் விருந்தினர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் விழா வைத்திருந்தார்கள். ஒரு மாணவி பூ மார்க்கெட்டுக்காக எழுதிய ப்ரோக்ராமைத் திரையில் போட்டுக் காட்டினாள். காலையில் வந்த மல்லியின் எடை, மதியம் வந்த மல்லியின் எடை, மொத்தம் எவ்வளவு. அதுவரை காலை எடையை மட்டும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், சரியாகத்தான் வந்தது. அன்று இரண்டையும் கொடுத்தார்கள். காலை பன்னிரண்டு கிலோ, மதியம் மூன்று கிலோ. திரையில் மொத்தம் 123 கிலோ என்று வந்தது. எடையை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்திருந்ததால் பன்னிரண்டும் மூன்றும் கூடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. பூ மார்க்கெட்டிலிருந்து வந்திருந்தவர், "அம்புட்டு மல்லி எந்தத் தோட்டத்துல மக்கா பூத்துச்சு?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

"இந்தப் பிழையை உங்கள் கம்பைலர் பிடிக்கவில்லை. 'பிழை இல்லை' என்றுதான் சொன்னது. அதை நம்பித்தான் நான் சரி என்றேன்" என்று நிர்மலாதேவி குழுவில் எழுதி, ப்ரோக்ராமையும் அனுப்பியிருந்தாள்.

சங்கரபாண்டியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் காவல்காரன் எண்ணையும் எழுத்தையும் கலக்க விடுவானா? அவள் அனுப்பியதைத் திறந்து பார்த்தான். பூவின் விவரங்களைச் சேர்த்து வைக்கிற வகைக்கு அந்தப் பெண் வைத்திருந்த பெயர் 'சும்மா'. எழுதிப் பழகும்போது சும்மா வைத்த பெயர், கடைசிவரை மாறாமல் இருந்துவிட்டது. அவனுக்கு இளக்காரமாக இருந்தது. அவள் அனுப்பிய ப்ரோக்ராமை அவன் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. தானே அதைப் புதிதாக அடித்தான், வகைக்கு 'பூ' என்று மரியாதையாகப் பெயர் வைத்தான், ஓட்டினான். எட்டாவது வரியில் பிழை என்று டாணென்று வந்தது.

அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, கீழே எழுதினான். "எங்கள் கம்பைலர் இந்தப் பிழையைப் பிடிக்கிறது, சான்று மேலே. ஒரு வகைக்கு 'சும்மா' என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள், முதலில் தாங்கள் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டு பிறகு புகார் சொல்ல வரலாம்."

பத்தொன்பது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். பத்தொன்பது என்று எப்படித் தெரியும் என்றால், அவன் எண்ணினான். நிர்மலாதேவி அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. வாயடைத்துப் போனாள் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பி குடித்துவிட்டு, புதிதாக எழுதிய ஒன்றைச் சோதிக்க உட்கார்ந்தான். சோதனைக்கு ஒரு சின்ன வகை வேண்டும். நம்மூரில் எதையாவது செய்து பார்க்கிறவன் வைக்கிற முதல் பெயர் என்ன? கடையில் பேனா எழுதுகிறதா என்று பார்க்கிறவன் காகிதத்தில் என்ன கிறுக்குவான்? சங்கரபாண்டியனின் விரல்கள் தாமாகவே 'சும்மா' என்று அடித்தன. வேண்டுமென்றே எண்ணோடு எழுத்தைக் கூட்டி ஒரு தப்பும் வைத்தான். ஓட்டினான்.

பிழை இல்லை என்று வந்தது.

மறுபடி ஓட்டினான். மறுபடியும் பிழை இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரகசிய வகையை அவனுடைய கம்பைலர் பெயரைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டது. வேறு யாராவது தன் வகைக்கு அதே பெயரை வைத்தால், அவர்கள் என்ன தப்பு எழுதினாலும் அது வாயை மூடிக்கொள்ளும். முன்னால் ஒரு புகார் சொல்லியாகிவிட்டதா என்று அது பார்ப்பதே இல்லை. ஒருவர் சொல்லியிருந்தால்தான் மற்றவர் சும்மா இருக்கலாம், யாருமே சொல்லாதபோது சும்மா இருப்பதற்குப் பெயர் வேறு. இங்கிலீஷில் யோசிக்கிறவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். தமிழில் யோசித்து, தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதி, அந்தப் பிள்ளைகள் வைக்கிற முதல் பெயரையே எடுத்துத் தன் ரகசியத்துக்கு வைத்திருந்தான்.

நிர்மலாதேவி அனுப்பிய ப்ரோக்ராமைத் தேடி எடுத்து, அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை இன்று செய்தான். ஓட்டினான். பிழை இல்லை. காது மடல் இரண்டும் சுட்டன. அந்தப் பெயரை வைத்துத்தான் அவளைக் கேலி செய்தோம், அதே பெயரைத்தான் நாமும் வைத்திருந்தோம் என்று நினைக்க நினைக்க, தனியாக இருந்த அறையிலேயே அவனுக்குத் தலை குனிந்தது.

திருத்துவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெயரைப் பார்க்காமல் உள்ளே ஒரு தனி அடையாளத்தைப் பார்க்கச் செய்தான். புகார் ஒன்று பதிவாகாமல் அந்த வகையை யார்மேலும் ஒட்ட முடியாதபடி கட்டினான். புதிய பதிப்பை வெளியிட்டான். மாற்றங்கள் என்று போட வேண்டிய இடத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று இரண்டே வார்த்தை எழுதினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் இலையைப் பார்த்துச் சாப்பிடுவது மாதிரி, அன்றெல்லாம் அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தான். ஒரு வாரம் போயிற்று. மதியம் சாப்பிடும்போது இசக்கிசெல்வி சொன்னாள்.

"எங்க சித்தி மக வேல்விழி இருக்கால்லா, வாசுதேவநல்லூர்ல இருந்து பஸ்ல வந்து கம்ப்யூட்டர் படிக்காளே, அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சரை நிறுத்திட்டாகளாம்."

"எந்த டீச்சர்?"

"நிர்மலா டீச்சர்னு. நல்லாச் சொல்லிக் குடுப்பாகளாம். விழாவுல இவ ப்ரோக்ராம் தப்பாப் போயி எல்லாரும் சிரிச்சுட்டாக. டீச்சர், தப்பு கம்பெனி மேலதான்னு சொல்லியிருக்காக. கம்பெனிக்காரன் என்ன செஞ்சான் தெரியுமா? இல்ல, டீச்சருக்கே எழுதத் தெரியலைன்னு நாலு பேரு பாக்க எழுதிப் போட்டுட்டான். மையம் நடத்துத சண்முகையா அண்ணாச்சி அதைக் காட்டித்தான் நாளையில இருந்து வராண்டாம்னு சொல்லிட்டாராம். எந்த நாசமாப் போறவனோ, ஒரு பொம்பளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? சங்கரபாண்டியன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ரசம் ஊத்தட்டா?" என்று அவள் கேட்டது அவன் காதில் விழவில்லை.

மூன்று நாள் பொறுத்தான். எத்தனை சமாதானம் உண்டோ அத்தனையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். திருத்தித்தான் கொடுத்தாயிற்றே. கம்பெனி பெயர் கெட்டுப்போகுமே. அவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காதா என்ன. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் தாங்கியது. நான்காம் நாள் காலையில் அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"அந்த நாசமாப் போறவன் நான்தான்."

இசக்கிசெல்விக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கணும்லா" என்று மட்டும் சொன்னாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நிர்மலாதேவியின் வீடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று வேல்விழியின் அம்மாவிடம் விசாரித்துச் சொன்னாள் இசக்கிசெல்வி. எதற்கு என்று அவர்களிடம் சொல்லவில்லை. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது மணி பத்தரை. இத்தனை நாளும் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

நாற்பது வயது இருக்கும். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையை டியூஷன் சேர்க்க வந்தவன் என்று நினைத்து, உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எத்தனாம் வகுப்பு?" என்று கேட்டாள்.

"டியூஷனுக்கு வரலைங்க" என்றான். செம்பைக் கையில் வைத்திருந்தானே தவிரக் குடிக்க முடியவில்லை. தான் யார் என்று சொன்னான். ரகசிய வகை, அதன் பெயர், தன் கம்பைலர் அதைப் பெயரைப் பார்த்து அடையாளம் கண்டது, அவள் அனுப்பிய ப்ரோக்ராமை ஓட்டிக்கூடப் பார்க்காமல் தான் எழுதியது, பிறகு கண்டுபிடித்தும் மூடி மறைத்தது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தான். "நீங்க சொன்னதுதான் சரி. உங்க மேல தப்பே இல்லை. மன்னிச்சிருங்க" என்று முடித்தான்.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இதை ஏன் என்கிட்ட வந்து சொல்லுதீங்க?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத்தான் தெரியுமே. உங்க கம்பைலர் 'பிழை இல்லை'ன்னு காட்டுனதை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். இந்த ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். தெரியாதவங்க எல்லாம் அந்தக் குரூப்புல இருக்காங்க. சிரிச்சவங்களும் அங்கதான் இருக்காங்க." கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். "வீட்டுக்கு வந்து காதுல சொன்னா உங்க மனசு ஆறும். எனக்கு என்ன ஆறும்?"

சங்கரபாண்டியனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. பெரிய தைரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தான். ஊரில் எது சுலபமோ அதைத்தான் செய்திருக்கிறோம் என்று அவள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துபோயிற்று. செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திப் போனை எடுத்தான். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தான். அழித்தான். 'எங்கள் தரப்பில் ஏற்பட்ட' என்று ஆரம்பித்தான். 'எங்கள்' எங்கே வந்தது? அதையும் அழித்தான். கம்பெனி நம்பரை விட்டுவிட்டுத் தன் சொந்த நம்பரிலிருந்து குழுவில் எழுதினான்.

"நான் சங்கரபாண்டியன், சங்கரன்கோவில். வரப்பு கம்பைலரில் பிழை பார்க்கும் பகுதியை எழுதியவன். ஆனி மாதம் நிர்மலாதேவி டீச்சர் சொன்ன புகார் உண்மை. தப்பு என் கம்பைலரில்தான் இருந்தது. அவர் அனுப்பியதை ஓட்டிப் பார்க்காமலே அவரைக் கேலி செய்து எழுதினேன். தப்பு என்று தெரிந்த பிறகும் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டு மறைத்தேன். அதனால் அவர் வேலை போயிற்று. அவரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

அனுப்பினான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வரிசையாக வந்தன. ஒருவர் கும்பிடு போட்டார். ஒருவர், "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சென்னையிலிருந்து கம்பெனி முதலாளி, "உடனே கூப்பிடு" என்று தனியே அனுப்பியிருந்தார். சண்முகையா அண்ணாச்சி குழுவிலேயே எழுதினார்: "தகவலுக்கு நன்றி. எங்கள் மையத்தில் புதிய டீச்சர் சேர்ந்துவிட்டார்."

அதைத்தான் அவன் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். அப்போது தனியாக இன்னொரு செய்தி வந்தது. வேல்விழி.

"அத்தான், அது நீங்களா?"

அடுத்ததும் உடனே வந்தது.

"டீச்சர் என் ப்ரோக்ராமை விழாவுக்கு முன்னாடியே பாத்தாங்க அத்தான். நாலு தடவை ஓட்டிப் பாத்தாங்க. அண்ணாச்சி கேட்டப்ப, டீச்சர் பாக்கவே இல்லைன்னு நான் சொல்லிட்டேன். கம்பெனியே அவங்க மேல தப்புன்னு எழுதிட்டாங்களே, இனி நாம ஏன் மாட்டிக்கிடணும்னு சொல்லிட்டேன். இப்ப நான் என்ன செய்யட்டும்?"

வேப்பமரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது. தென்காசிப் பக்கம் போகிற ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போயிற்று. சங்கரபாண்டியன் "உன் மேல தப்பு இல்லை" என்று அடித்தான். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. அழித்தான்.

"நாளைக்குக் காலையில அண்ணாச்சிகிட்டப் போவோம். நானும் கூட வாரேன். நாம ரெண்டு பேரும் சொல்லுவோம்" என்று எழுதி அனுப்பினான்.

வேல்விழி படித்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டியது. பதில் வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. "என்ன சொல்லுத?" என்று கேட்கலாமா என்று விரலைக் கொண்டுபோனான். தப்பை ஒத்துக்கொள்ள அவனுக்கே பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளையை அவசரப்படுத்த அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான்.